தலையில் கேமரா, கையில் பந்து: ஒரு குழந்தை சொல் கற்ற 61 மணி நேரம்

என் அக்கா மகளுக்கு அப்போது ஏழு மாதம். "ஃபேன் எங்க?" என்று கேட்டால் போதும், அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைச் செய்து காட்டச் சொல்வார். "பாப்பா, மாமாவுக்கு ஃபேன் காட்டு" என்பார். அவளும் சலிக்காமல் தலையைத் தூக்குவாள். ஒரு நாள் கூடத்து ஃபேன் பழுதாகிவிட்டது. டேபிள் ஃபேனை எடுத்து வந்து அவள் எதிரிலேயே வைத்தோம். முகத்துக்கு நேராக அது சுற்றிக்கொண்டிருந்தது, காற்றில் அவள் முன்முடி பறந்தது. "ஃபேன் எங்க?" என்று கேட்டேன். அவள் டேபிள் ஃபேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போல அண்ணாந்து, சுற்றாமல் நின்ற கூரை ஃபேனைப் பார்த்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. அவளுக்கு 'ஃபேன்' என்றால் என்ன? சுற்றுகிற எதுவுமா, கூரையில் தொங்கும் அந்த ஒன்று மட்டுமா, அல்லது 'மேலே பார்' என்பதா? அவள் தலை தூக்குவதை வைத்து மூன்றில் எது என்று சொல்லிவிட முடியாது.

தத்துவ அறிஞர் குவைன் 1960இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். மொழி தெரியாத ஓர் ஊருக்கு ஒருவர் போகிறார். முயல் ஒன்று ஓடுகிறது. ஊர்க்காரர் "கவகாய்" என்கிறார். அந்தச் சொல்லுக்கு முயல் என்று அர்த்தமா, ஓட்டமா, வெள்ளை நிறமா, முயலின் காதா, 'இன்றைக்கு நல்ல சாப்பாடு' என்பதா? பார்த்ததை மட்டும் வைத்து முடிவு கட்ட வழியில்லை என்றார் அவர். குழந்தைக்கு நாள்தோறும் இதே நிலைமைதான். தமிழில் நாம் மேசைமேல் இருப்பதையும் 'பொருள்' என்கிறோம், சொல்லுக்குள் இருப்பதையும் 'பொருள்' என்கிறோம். பெரியவர்களுக்கு இரண்டும் ஒட்டியே கிடக்கின்றன. குழந்தையோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அப்படிப் போய்ச் சேரும் வழியில் ஒரு குழந்தையின் கண் எதைப் பார்த்தது, காது எதைக் கேட்டது என்று ஒரு பதிவு இருக்கிறது. அதை வைத்து நடந்த ஆய்வைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

குழந்தை எஸ்

ஆய்வுத்தாளில் அந்தக் குழந்தைக்கு 'எஸ்' என்ற ஓர் எழுத்துதான் பெயர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வளர்ந்த குழந்தை. ஆறு மாத வயதிலிருந்து அவன் தலையில் சின்னக் கேமரா ஒன்றைப் பட்டையால் கட்டி, வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் பதிவு செய்தார்கள். இப்படி மூன்று குழந்தைகளிடம் ஏறத்தாழ இரண்டரை வயது வரை எடுத்த பதிவுகள் சேர்ந்து 400 மணி நேரத்துக்கு மேல் போனது. 'சேகாம்' என்ற பெயரில் அந்தத் தொகுப்பைப் பற்றிய கட்டுரை 2021இல் வெளிவந்தது.

குழந்தையின் தலையில் கட்டிய கேமராவில் பதிவாகும் காட்சி நாம் எடுக்கும் குடும்ப வீடியோ மாதிரி இருக்காது. நாம் எடுக்கும் வீடியோவில் குழந்தை நடுவில் இருக்கும். இதில் குழந்தையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். தரை மிக அருகில் தெரியும். பெரியவர்கள் கால்களாகவும் முழங்கால்களாகவும் வந்து, திடீரென்று குனிந்து முகமாக மாறுவார்கள். தலை திரும்பும்போது எல்லாம் கலங்கும். ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் அது திரை முழுக்க அடைத்துக்கொள்ளும். பின்னணியில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேச்சு கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றியதாக இருக்கும். 'பந்து' என்ற சொல் காதில் விழும் நொடியில் பந்து கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு படத்தைக் காட்டி ஒரு பெயரைச் சொல்வது சுத்தமான பாடம். இந்தப் பதிவில் இருப்பது அழுக்கும் அவசரமுமாக நடக்கிற நிஜ வாழ்க்கை. இந்த ஆய்வின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்ததே இதனால்தான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாய் கீன் வோங், பிரெண்டன் லேக் ஆகியோரின் குழு, எஸ்ஸின் பதிவுகளில் 61 மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. ஆறாவது மாதம் முதல் இருபத்தைந்தாவது மாதம் வரையிலான பதிவுகள் அவை. 61 மணி நேரம் என்றால் இரண்டரை நாள். அந்தப் பத்தொன்பது மாதங்களில் குழந்தை விழித்திருந்த நேரத்தில் இது ஏறக்குறைய 1 சதவீதம். அதிலிருந்து சுமார் 6 லட்சம் படச் சட்டங்களை, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களை, பிரித்தார்கள். பெரியவர்கள் பேசியதை எழுத்தில் பெயர்த்தபோது 37,500 கூற்றுகள் கிடைத்தன. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குப் பத்து கூற்று. பேச்சுச் சத்தம் குறையாத வீடு.

இந்த இரண்டையும் ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்தார்கள். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் படங்களையோ எழுத்தையோ அந்த நிரல் முன்கூட்டிப் பார்த்ததில்லை. அது கண்ட உலகம் முழுவதும் எஸ்ஸின் தலை உயரத்தில் இருந்து எடுத்த வீடியோதான். நாய் என்றால் எப்படி இருக்கும், நாற்காலிக்கு எத்தனை கால் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சொல் ஒரு பொருளுக்குத்தான் பெயராகும் என்ற விதிகூட அதற்குள் இல்லை.

நிரல் செய்த வேலை எளிமையானது. ஒரு படச் சட்டமும் ஒரு கூற்றும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் இரண்டையும் கொஞ்சம் பக்கத்தில் இழுக்கும். வெவ்வேறு நேரத்தில் வந்தவையாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வைக்கும். அவ்வளவுதான். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். "பந்தை எடுக்கிறாயா" என்பது போன்ற பேச்சு வந்த நேரத்தில் திரையில் பந்து, தரை, நாற்காலிக் கால், ஓர் ஓரத்தில் பூனை எல்லாமே இருக்கலாம். அந்த ஒரு தடவையை வைத்துப் பார்த்தால் 'பந்து' பூனையாகவும் இருக்கலாம். அடுத்த தடவை பந்து இருக்கும், பூனை இருக்காது. அதற்கடுத்த தடவை பந்து மண்ணில் கிடக்கும், நாற்காலி இருக்காது. எல்லாத் தடவையும் மீந்து நிற்பது எது என்பது மெல்ல மெல்லத் தெளியும்.

மழலைக் குழந்தைகளால் இப்படிக் கணக்குப் போட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு முன்பே சான்று உண்டு. லிண்டா ஸ்மித், சென் யூ இருவரும் 2008இல் 12 மாத, 14 மாதக் குழந்தைகளிடம் ஆறு புதுச் சொற்களை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் இரண்டு பொருள்கள் வரும், காதில் இரண்டு சொற்கள் விழும். எந்தச் சொல் எதற்கு என்று அந்த ஒரு தடவையில் தெரியவே தெரியாது. நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் பயிற்சிக்குப் பிறகு, சொல்லுக்கு உரிய பொருளைக் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். பல தடவைகளைச் சேர்த்து வைத்துத்தான் அவர்களால் அதைச் செய்திருக்க முடியும்.

நாலு படம், ஒரு சொல்

நிரல் என்ன கற்றது என்று எப்படிச் சோதிப்பது? குழந்தைகளைச் சோதிக்கும் முறையையே எடுத்துக்கொண்டார்கள். நாலு படங்களை வைத்து ஒரு சொல்லைச் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மிக நெருக்கமான படத்தை நிரல் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா கைவைத்தாலே நாலில் ஒரு தடவை சரியாக வரும், அதாவது 25 சதவீதம். சோதித்த சொற்கள் 22. பந்து, கார், பூனை, நாற்காலி, கதவு, ஜன்னல், தரை, படிக்கட்டு, மணல், தொட்டில், காகிதம், சமையலறை, கால், கை மாதிரியான சொற்கள். ஒரு வயதுக் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் அன்றாடம் புழங்குபவை.

நிரல் 61.6 சதவீதம் சரியாகச் சொன்னது.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று தெரிய இன்னோர் எண்ணைப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிளிப் என்ற பெரிய நிரல் இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் வைத்துப் பழகியது. இதே தேர்வில் அது எடுத்தது 66.7 சதவீதம். 40 கோடி படம் பார்த்ததற்கும், ஒரே குழந்தையின் இரண்டரை நாள் வாழ்க்கையைப் பார்த்ததற்கும் இடையே இந்தச் சின்னத் தேர்வில் இருந்த வித்தியாசம் ஐந்து சதவீதப் புள்ளிதான். அடிலெய்டு வீட்டுப் படங்களில்தான் தேர்வு நடந்தது என்பதால் எஸ்ஸின் நிரலுக்கு அது சொந்த ஊர் ஆட்டம், சரி. இருந்தாலும் இந்த நெருக்கம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். படங்களையும் கூற்றுகளையும் சீட்டுக் கட்டைப் போலக் கலைத்துவிட்டு, எந்தப் பேச்சு எந்தக் காட்சியோடு வந்தது என்ற தொடர்பை அறுத்துவிட்டுப் பழக்கினார்கள். மதிப்பெண் சும்மா கைவைத்தால் வரும் அளவுக்கு இறங்கிவிட்டது. நிரலுக்குக் கிடைத்த பாடம் முழுக்க அந்த 'ஒரே நேரம்' என்பதற்குள்தான் இருந்திருக்கிறது. பேசும் வாயும் பார்க்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்த அந்தச் சில நொடிகளே ஆசிரியர்.

சரி, எஸ்ஸின் வீட்டுக்கு வெளியே? அவன் பார்த்தே இராத பொருள்களின் படங்களை, வெள்ளைப் பின்னணியில் தனியாக வைத்து, 64 சொற்களுக்குக் கேட்டார்கள். 34.7 சதவீதம். குருட்டாம்போக்கைவிட மேல்தான், ஆனால் தடுமாற்றம் தெரிகிறது. டேபிள் ஃபேனைத் தாண்டிக் கூரையைப் பார்த்த என் அக்கா மகளைப் போலத்தான் நிரலும். சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆனால் ஒட்டிய இடத்தோடு சேர்ந்தே ஒட்டியிருக்கிறது. இந்த ஆய்வு 2024 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

சின்ன உலகத்தின் தயவு

இதையெல்லாம் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்று உண்டு. குவைன் சொன்ன புதிர் குழந்தைக்கு இவ்வளவு சீக்கிரம் தளர்வதற்குக் காரணம், அதன் உலகம் சின்னது என்பதும், அந்தச் சின்ன உலகம் அதன் கைக்குள் இருக்கிறது என்பதும்தான். முதல் பாதிக்கு எஸ்ஸின் பதிவு சான்று. இரண்டாம் பாதிக்கு அந்தப் பதிவு தோற்ற இடம் சான்று.

உலகம் சின்னது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். குவைனின் ஊர்க்காரர் ஒரே தடவை "கவகாய்" என்றார். நம் வீட்டில் பாட்டி 'ஃபேன்' என்று சொன்ன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. லிண்டா ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு முதல் பத்து மாதக் குழந்தைகளின் தலைக் கேமராவில் பதிவான சாப்பாட்டு வேளைகளைப் பார்த்தார்கள். குழந்தையின் பார்வையில் விழும் பொருள்கள் ஏராளம். ஆனால் அவற்றில் ஒரு சில மட்டும் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தன. கிண்ணம், ஸ்பூன், மேசை, நாற்காலி, சட்டை. மற்றவை எப்போதாவது எட்டிப் பார்த்தன. அப்படி ஓயாமல் கண்ணில் பட்டவற்றின் பெயர்கள்தான் குழந்தைகள் முதலில் கற்கும் பெயர்களாகவும் இருந்தன. புதுப் புதுப் பொம்மை வாங்கித் தருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தினமும் அதே கிண்ணம், அதே ஸ்பூன்.

திரும்ப வருவது மட்டும் போதாது, தனக்கென்று ஓர் இடமும் நேரமும் இருக்க வேண்டும் என்பதை இன்னொரு வீட்டின் கதை காட்டுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த டெப் ராய், 2005இல் தனக்கு மகன் பிறந்தபோது வீட்டுக் கூரையில் 11 கேமராக்களையும் 14 ஒலிவாங்கிகளையும் பொருத்தினார். மூன்று வருடத்தில் சேர்ந்தது சுமார் 90,000 மணி நேர வீடியோ. அந்தக் குழந்தை முதன்முதலாகப் பேசிய 679 சொற்களையும், ஒவ்வொன்றும் அதற்கு முன்பு வீட்டில் எங்கே, எப்போது, எந்தப் பேச்சுக்கு நடுவில் புழங்கியது என்பதையும் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்டார்கள். வீடெங்கும் எப்போதும் கேட்கும் சொற்களைவிட, இன்ன இடத்தில், இன்ன வேளையில், இன்ன வேலையோடு என்று தனி அடையாளம் கொண்ட சொற்களைக் குழந்தை சீக்கிரம் பேசியது. எத்தனை தடவை கேட்டது என்பதைவிட இந்தத் தனி அடையாளமே வலுவான குறியாக இருந்தது.

குளியலறையில் மட்டும் கேட்கும் சொல், படுக்கும் நேரத்தில் மட்டும் கேட்கும் சொல். குழந்தை வளரும் வீட்டில் எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். குளிப்பாட்டல், சோறு, தூக்கம், மறுபடி சோறு. அந்த அலுப்பான வரிசைதான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது.

'கை' ஏன் தோற்றது

இப்போது இரண்டாம் பாதி. எஸ்ஸின் நிரல் 22 சொற்களில் மோசமாகத் தடுமாறியவற்றில் ஒன்று 'கை'. முதல் தடவை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. குழந்தையின் தலைக் கேமராவில் கையைவிட அதிகமாகத் தெரியக்கூடியது எது?

யோசித்துப் பார்த்தால் அதுவேதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. கை எல்லாக் காட்சியிலும் இருக்கிறது. பந்து வரும்போது பந்தைப் பிடித்துக்கொண்டும், மணல் வரும்போது மணலை அளைந்துகொண்டும் இருக்கிறது. 'எப்போது இருக்கிறது, எப்போது இல்லை' என்று கழித்துக் கழித்துக் கற்கும் நிரலுக்கு, எப்போதும் இருப்பது கண்ணில் படாது. குழந்தைக்கோ கை பார்க்கிற பொருள் மட்டும் இல்லை. மூன்று மாதத்திலேயே தன் கையை முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, வாயில் வைக்கிறது, அசைக்க நினைத்ததும் அது அசைவதை உள்ளிருந்து உணர்கிறது. அந்த உணர்வு எந்தக் கேமராவிலும் பதிவாகாது.

மனிதக் குழந்தைகள் இதில் எவ்வளவு முந்தி என்பதற்கு 2012இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலிகா பெர்கல்சன், டேனியல் ஸ்விங்லி இருவரும் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளை அம்மா அல்லது அப்பா மடியில் உட்கார வைத்து, திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒரு பக்கம் ஆப்பிள், இன்னொரு பக்கம் வாய் என்பது போல. மடியில் வைத்திருப்பவர் ஹெட்ஃபோனில் வரும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வார். தன்னை அறியாமல் சரியான படத்தைப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவரால் திரையைப் பார்க்க முடியாதபடி செய்திருந்தார்கள். குழந்தையின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி குறித்துக்கொண்டது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசாத அந்த வயதில், உணவுப் பெயர்களையும் உடல் உறுப்புப் பெயர்களையும் கேட்டபோது குழந்தைகள் உரிய படத்தைக் கூடுதலாகப் பார்த்தார்கள். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருந்தது. அதற்கு முன்பே 1999இல் ஆறு மாதக் குழந்தைகள் 'அம்மா', 'அப்பா' என்பதற்கு ஈடான சொற்களைக் கேட்டதும் தங்கள் சொந்தப் பெற்றோர் தெரியும் திரையைப் பார்த்தார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். வேறொரு பெண்ணையும் ஆணையும் காட்டியபோது அப்படிப் பார்க்கவில்லை. சொல் முதலில் ஓர் ஆளின் பெயராகத்தான் ஒட்டுகிறது, கூரையில் இருந்த அந்த ஒரு ஃபேன் மாதிரி.

கை வெறும் கற்கும் பொருளாக மட்டும் இருப்பதில்லை, மற்ற பொருள்களைக் கற்கும் கருவியும் அதுதான். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஸ்மித்தும் யூவும் ஒன்றரை வயதுக் குழந்தைகளைப் பெற்றோரோடு மேசையில் விளையாடவிட்டு, புதுப் பொருள்களுக்குப் புதுப் பெயர் சொல்லச் சொன்னார்கள். குழந்தையின் நெற்றியில் கேமரா. பிறகு எந்தப் பெயர்கள் ஒட்டின, எவை ஒட்டவில்லை என்று பார்த்து, பெயர் சொன்ன நொடிக்குத் திரும்பிப் போய் வீடியோவை அலசினார்கள். 2012இல் வந்த முடிவு இது: பெயர் ஒட்டிய நொடிகளில் அந்தப் பொருள் குழந்தையின் பார்வையில் பெரிதாகவும் நடுவிலும் இருந்தது, மற்றவை சுருங்கி ஓரத்தில் கிடந்தன. பொருளை அப்படிப் பெரிதாக்கியது பெரும்பாலும் குழந்தையின் கையே. குழந்தைக்குக் கை குட்டை. அது எதைப் பிடித்தாலும் முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும், பின்னால் இருப்பவை மறைந்துவிடும். முயலா, ஓட்டமா, நிறமா என்று குவைன் அடுக்கிய சந்தேகங்களில் பாதியைக் குழந்தை தன் கையாலேயே மறைத்துவிடுகிறது.

பெரியவர்கள் இந்த இடத்தில் செய்யும் ஒரு தவறை நானும் செய்திருக்கிறேன். குழந்தை ஸ்பூனை ஆசையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இங்க பாரு, காக்கா பாரு" என்று அதன் தாடையைப் பிடித்துத் திருப்புவோம். கண் திரும்பிவிடும், மனசு ஸ்பூனிலேயே இருக்கும். அது எதைப் பிடித்திருக்கிறதோ அதன் பெயரை அப்போது சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்காகப் பிறர் பார்வையைக் குழந்தை கவனிப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. டேர் பால்ட்வின் 1991இல் காட்டியது எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று. ஒன்றரை வயதுக் குழந்தை கையில் ஒரு புதுப் பொம்மை. பெரியவர் ஒரு வாளிக்குள் இருக்கும் வேறொரு பொம்மையைப் பார்த்தபடி ஒரு புதுப் பெயர் சொல்கிறார். சொல் காதில் விழுந்த நேரத்தில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது தன் பொம்மையை. ஆனால் அது தலையைத் தூக்கிப் பெரியவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்கிறது. பிறகு கேட்கும்போது, அந்தப் பெயரை வாளிக்குள் இருந்த பொம்மைக்கே கொடுக்கிறது. எஸ்ஸின் நிரலைப் போல 'ஒரே நேரம்' என்பதை மட்டும் நம்பியிருந்தால் அது தவறான பொம்மையைத்தான் எடுத்திருக்கும்.

நிரலுக்கு எளிதாகக் கிடைத்தது

நியாயமாகப் பேசினால் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். நிரலுக்குப் பேச்சு எழுத்தாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. அதன் காதில் விழுவது இடைவெளியே இல்லாத ஒலி ஓட்டம். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அதுவே கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மாதக் குழந்தைகள் இரண்டு நிமிடம் கேட்டாலே, எந்த அசைகள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துச் சொற்களைப் பிரித்தறிகிறார்கள் என்று ஜென்னி சாஃப்ரனும் சகாக்களும் 1996இல் காட்டினார்கள்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு சுமை உண்டு. ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல் எந்த வாக்கியத்திலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். நம் வீட்டில் அது 'பந்து', 'பந்தை', 'பந்துல', 'பந்தோட' என்று வால் மாற்றிக்கொண்டே வரும். ஆனால் அம்மா குழந்தையிடம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். "பந்து! பந்து எங்க? பந்து இதோ!" என்று சொல்லை வால் இல்லாமல், வாக்கியத்தின் தலையிலேயே வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். "பந்தைக் கொடு" என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

எஸ்ஸின் வீடு ஒரு வகை வீடு என்பதையும் மறக்கக் கூடாது. மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைப் பகுதியில் செல்டால் மாயா மொழி பேசும் கிராமம் ஒன்றில் மரிசா கசியாஸும் சகாக்களும் செய்த ஆய்வு 2020இல் வந்தது. அங்கே குழந்தை பெரும்பாலும் அம்மாவின் முதுகில் கட்டியிருக்கும். குழந்தையைப் பார்த்து நேரடியாகப் பேசும் பேச்சு மணிக்குச் சுமார் 3.6 நிமிடம்தான். 'ஃபேன் எங்க' மாதிரியான விளையாட்டை அங்கே அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அந்தக் குழந்தைகள் முதல் சொல்லையும், சொற்களைச் சேர்த்துப் பேசுவதையும் மற்ற இடத்துக் குழந்தைகள் தொடும் அதே வயதில்தான் தொட்டார்கள். முதுகில் இருந்தபடி பிறர் வேலையையும் பேச்சையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வகைப் பள்ளிக்கூடம்தான் போலிருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை எஸ்ஸின் 61 மணி நேரத்தால் விளக்க முடியாது.

கண் தெரியாத குழந்தைகளுக்கோ இந்தப் பாடத்தில் கையின் பங்கு இன்னும் பெரியது. பார்பரா லாண்டாவ், லைலா கிளைட்மன் இருவரும் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு சிறுமியை வைத்து 1985இல் எழுதினார்கள். கண்ணைக் கட்டிய பார்வையுள்ள குழந்தைகளிடம் 'மேலே பார்' என்றால் முகத்தைத் தூக்கினார்கள். இந்தச் சிறுமி முகத்தை அசைக்காமல் கைகளை மேலே தூக்கினாள். அவளுக்குப் பார்ப்பது என்றால் கையால் தேடுவது.

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது ஆயுதபூஜை வந்தது. அம்மா டேபிள் ஃபேனின் கம்பி வலையைக் கழற்றி, இறக்கையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தரையில் துணி விரித்துக் காயவைத்திருந்தார். பாப்பா தவழ்ந்து வந்து அதன் ஓரத்தைத் தொட்டாள். இறக்கை லேசாகத் திரும்பியது. மறுபடி தட்டினாள், அரை வட்டம் போனது. இரண்டு கையாலும் தள்ளினாள், அது தரையில் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மா சமையலறையில் இருந்தார். இறக்கைமேல் ஒரு கையை வைத்தபடியே அவள் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.